லேசர் ஜைரோவின் பயஸை அடக்க வழி சொல்லுங்களேன்

வணக்கம். விமான ஐஎன்எஸ் (வெளி சிக்னல் இல்லாமலே இருப்பிடத்தைக் கணிக்கும் கருவி) ஒன்றின் ரிங் லேசர் ஜைரோ (லேசர் கற்றைகளால் சுழற்சியை அளக்கும் உணரி) தரவை வைத்து முதுகலை ப்ராஜெக்ட் செய்கிறேன். இந்தத் துறையில் இருப்பவர்களின் உதவி தேவை.

குறைந்த சுழற்சி வேகத்தில் இரண்டு லேசர் கற்றைகளும் ஒரே அதிர்வெண்ணில் பூட்டிக்கொள்ளாமலிருக்க ஜைரோவையே அதிரவைக்கிறார்கள் இல்லையா, அந்த அதிர்வால் (டிதர்) வரும் ராண்டம் வாக் (தாறுமாறாகச் சேர்ந்துகொண்டே போகும் பிழை) இருந்துவிட்டுப் போகட்டும். என் தலைவலி பயஸ்தான், அதாவது சுழலாதபோதும் ஜைரோ காட்டும் பொய்யான சுழற்சி வேகம். மணிக்கு 0.01 டிகிரி என்றால் கேட்கச் சின்னதுதான். ஆனால் பூமியே மணிக்கு 15 டிகிரிதான் சுற்றுகிறது. அதை வைத்து வடக்கைக் கண்டுபிடிக்கும்போது, நிலநடுக்கோட்டுப் பக்கம்கூட இது ஏறக்குறைய 0.04 டிகிரி திசைப்பிழையாகிவிடும். ஜிபிஎஸ் துணையின்றிப் பறந்தால் மணிக்கு ஒரு கடல்மைல் அளவுக்கு விலகல். பிழை 84 நிமிடத்துக்கொரு முறை ஏறி இறங்கும் ஷூலர் அலைவு வேறு.

ஸ்விட்ச் போட்டதிலிருந்து பெட்டி சூடாகும்வரை பயஸ் நகர்ந்துகொண்டே இருக்கிறது. வெப்பநிலைக்கு இருபடிச் சமன்பாடு பொருத்திப் பார்த்தேன். சூடாகும்போது ஒரு வளைகோடு, ஆறும்போது வேறொன்று. வெப்பநிலை மாறும் வேகத்தையும் சேர்த்தால் போதுமா, இல்லை நியூரல் நெட்வொர்க் வரை போகணுமா? எனக்கென்னவோ அது அதிகப்படியாகத் தோன்றுகிறது.

அப்புறம், நின்ற நிலையில் கிழக்கு ஜைரோவின் பயஸ் கால்மன் ஃபில்டரில் (அளவீடுகளிலிருந்து பிழைகளை மதிப்பிடும் கணக்குமுறை) பிடிபடுவதில்லை. ஐஎம்யுவை (ஜைரோக்கள் இருக்கும் உணரித் தொகுதியை) 180 டிகிரி திருப்பி இரண்டு நிலைகளில் அலைன்மென்ட் (தொடக்கத் திசையைக் கணிப்பது) செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?