'அவுட்டோர் பிரெட்' பன்றி இறைச்சி: பிரிட்டன் கடைகள் முழு விவரத்தையும் சொல்கின்றனவா?

மழைக்குருவி:
பிரிட்டனில் பெரிய கடைகளில் பன்றி இறைச்சி வாங்குகிறவர்களுக்காக இந்த இழை. பொட்டலத்தில் 'அவுட்டோர் பிரெட்' என்று இருந்தால், அந்தப் பன்றி மண்ணிலும் வெயிலிலும் வளர்ந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் வெளியில் இருப்பது தாய்ப்பன்றி. குட்டி அங்கே பிறக்கும். ஏறக்குறைய நான்கு வாரத்தில் பால் மறக்கடித்து, பெரும்பாலும் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சுமார் ஆறு மாதத்தில் அது வெட்டுக்குப் போகிறது. ஆக, நாம் சாப்பிடும் பன்றி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கூரைக்குக் கீழேதான் கழித்திருக்கும். 'அவுட்டோர் ரியர்டு' என்றால் ஏறக்குறைய பாதி வாழ்நாள் வெளியில். கடைசி வரை வெளியில் வளர்வது 'ஃப்ரீ ரேஞ்ச்' மட்டும். சந்தையில் அதன் பங்கு மிகச் சிறியது.

இந்தப் பெயர்களுக்குத் தொழில்துறை தானாக வகுத்துக்கொண்ட நெறிமுறை இருக்கிறது, சட்டம் இல்லை. முட்டைக்கு மட்டும் 2004 முதல் கோழி எப்படி வளர்ந்தது என்று அச்சிடுவது கட்டாயம். பன்றிக்கும் அதே கட்டாயம் வேண்டும்.

வயல்வெளி:
நான் யார்க்‌ஷயரில் ஒரு பன்றிப் பண்ணையில் கணக்கு வேலை பார்க்கிறேன். உங்கள் தகவலில் தவறில்லை, முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. வெளியில் என்றாலே நல்லது, கொட்டகை என்றாலே கொடுமை என்று வைத்துக்கொள்ள முடியாது. வெளியில் வளர்க்கத் தண்ணீர் நிற்காத மணல் மண் வேண்டும். நார்ஃபோக், சஃபோக் பக்கம் அது கிடைக்கும். களிமண் நிலத்தில் குளிர்கால மழையில் பன்றியை விட்டால் அது படும் பாட்டை நேரில் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். ஆழமாக வைக்கோல் போட்ட, காற்றோட்டமான கொட்டகை பன்றிக்கு நல்ல இடம்.

வரலாற்றையும் கொஞ்சம் பாருங்கள். சினைப்பன்றியைத் திரும்பக்கூட முடியாத தனிக்கூண்டில் அடைப்பதை இந்த நாடு 1999-லேயே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல்தான் செய்தது, அதிலும் முதல் நான்கு வாரத்துக்கு விலக்கு உண்டு. இடைப்பட்ட காலத்தில் இங்கே என்ன ஆனது? தொண்ணூறுகளின் கடைசியில் சுமார் எட்டு லட்சமாக இருந்த தாய்ப்பன்றிகள் பத்து, பன்னிரண்டு ஆண்டில் பாதியாகக் குறைந்தன. பவுண்டின் மதிப்பு, 2000-ல் பன்றிகளிடையே பரவிய கொள்ளைநோய் (ஸ்வைன் ஃபீவர்), 2001-ன் கோமாரி என்று வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே கடைகள் நாம் தடை செய்த கூண்டில் இருந்த பன்றிகளின் பேக்கனை டென்மார்க்கிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் வரவழைத்து விற்றன. நம் சட்டத்தால் அந்தப் பன்றிகளுக்கு ஒரு நன்மையும் இல்லை. இங்கே பண்ணைகள்தான் மூடின.

மழைக்குருவி:
1999 தடையைச் சொன்னீர்கள், சரி. குட்டி போடும் கூண்டு? அது இன்னும் சட்டப்படி செல்லும். பிரிட்டனில் ஏறக்குறைய அறுபது சதவீதத் தாய்ப்பன்றிகள் குட்டி போடுவதற்குச் சில நாள் முன்பிருந்து பால் மறக்கடிக்கும் வரை அதற்குள்தான். நிற்கலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. குட்டி போடும் நேரம் நெருங்கினால் வைக்கோலையும் குச்சியையும் வாயில் கவ்வி வந்து படுக்கை கட்டுவது பன்றியின் இயல்பு. கம்பிகளுக்கு நடுவே அதை எப்படிச் செய்யும்? ஒரு வருடத்தில் இரண்டு முறைக்கு மேல் இது நடக்கிறது. சுவீடன் 1988-லேயே இதை விட்டுவிட்டது. அங்கே வால் நறுக்குவதும் கிடையாது. இங்கே வழக்கமாக நறுக்கக் கூடாது என்று விதி இருந்தும் பெரும்பாலான பன்றிகளுக்கு நறுக்குகிறார்கள்.

வயல்வெளி:
தாய்ப்பன்றி இருநூறு கிலோவுக்கு மேல். பிறந்த குட்டி ஒன்றரைக் கிலோ. அது படுக்கும்போது அடியில் சிக்கிய குட்டி நசுங்கிப் போகும். கூண்டு வந்தது அதைத் தடுக்கத்தான், யாரும் வக்கிரத்தால் வைக்கவில்லை. தாய் திரும்பும்படியான தொழுவங்கள் இருக்கின்றன, நன்றாகவும் நடக்கின்றன. ஆனால் இடம் அதிகம் வேண்டும், பழைய கட்டடத்தில் அடங்காது, பழக்கப்பட்ட ஆட்கள் வேண்டும். 2021-22-ல் இறைச்சிக்கூடங்களில் ஆள் இல்லாமல் பல்லாயிரம் பன்றிகளைப் பண்ணையிலேயே கொன்று வீசினார்கள். உற்பத்திச் செலவுகூடக் கிடைக்காத விலை. அந்தக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவரிடம் போய்க் கட்டடத்தை மாற்று என்றால் அவர் தொழிலையே விட்டுவிடுவார்.

தேன்மொழி:
இரண்டு பேரும் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டில் நான்கு பேர், ஒரே சம்பளம். ஃப்ரீ ரேஞ்ச் இறைச்சி எங்கள் கைக்கு எட்டாது. நான் மலிவானதை எடுத்தால் கொடுமைக்குத் துணைபோகிறேன் என்று குற்றவாளி ஆக்காதீர்கள்.

கரிசல்:
தேன்மொழி அக்கா, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. விலை கூடியதை வாங்கினால் மட்டும் என்ன மாறிவிடும்? கடைசி நாள் எல்லாப் பன்றிக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே பத்தில் ஒன்பது பன்றிகளை அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு நிறைந்த குழிக்குள் இறக்கி மயக்குகிறார்கள். நினைவு போவதற்கு முன் மூச்சுத் திணறித் துடிக்கின்றன. 2003-ல் அரசின் சொந்த ஆலோசனைக் குழுவே ஐந்து ஆண்டுக்குள் இதை நிறுத்தச் சொன்னது. விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ.வின் 'அஷ்யூர்டு' முத்திரை உள்ள இறைச்சிக்கும் இதே வாயுதான். முத்திரையால் வாங்குகிறவர் மனம் ஆறுகிறது, பன்றிக்கு அந்தக் குழி மாறவில்லை. சாப்பிடாமல் இருப்பதே நேர்மையான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வயல்வெளி:
மின்சாரத்தில் மயக்க ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடிக்க வேண்டும். வாயு முறையில் கூட்டமாகவே போகும். பிரிக்கும்போது வரும் பயம் இல்லை. அதனால்தான் அது பரவியது. ஆனால் இதற்கு நல்ல மாற்று வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அது பெரிய இறைச்சிக்கூட நிறுவனங்களின் கையில் இருக்கிறது, எங்கள் கையில் இல்லை.

மழைக்குருவி:
கரிசல், நாடே ஒருநாள் சாப்பிடுவதை நிறுத்தும் வரை இந்தப் பன்றிகள் காத்திருக்க முடியாது. வயல்வெளி சொன்ன இறக்குமதிச் சிக்கலுக்கு வழி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2018-ல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 12-வது முன்மொழிவு, உற்பத்திக்கு மட்டுமல்ல, விற்பனைக்கும் விதி வைத்தது. தாய்ப்பன்றிக்கு 24 சதுர அடி இல்லாவிட்டால், அது எந்த மாநிலத்தில் இருந்தாலும், அதன் குட்டியின் இறைச்சியைக் கலிஃபோர்னியாவில் விற்க முடியாது. பன்றி உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2023 மே மாதம் தோற்றார்கள். இங்கேயும் அப்படி வைத்தால் டென்மார்க் பேக்கனுக்கும் யார்க்‌ஷயர் பேக்கனுக்கும் ஒரே அளவுகோல்.

கடைகள் தாமாகத் திருந்தும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. 2016-ல் டெஸ்கோ என்ற பெரிய கடை நிறுவனம் 'வுட்சைட் ஃபார்ம்ஸ்' என்ற பெயரில் பன்றி இறைச்சி விற்க ஆரம்பித்தது. அது கடை வைத்த வணிகப் பெயர். இறைச்சி வந்தது அந்தப் பெயருள்ள பண்ணையிலிருந்து அல்ல. விவசாயிகள் சங்கமே புகார் கொடுத்தது.

வயல்வெளி:
விற்பனைக்கே விதி என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் கலிஃபோர்னியா விதி பச்சை இறைச்சித் துண்டுகளுக்குத்தான். சாசேஜும் சமைத்த பொருட்களும் அதில் வராது. இங்கே வெளிநாட்டு இறைச்சி அதிகம் ஒளிந்திருப்பது ஹாம், சாண்ட்விச், பீட்சாவில்தான். அவற்றையும் சேர்க்காவிட்டால் 1999 கதையே திரும்ப வரும். அப்புறம், அவகாசம். குட்டி போடும் கூண்டில் தாயை அடைக்கும் காலத்தைச் சில நாளாகக் குறைக்க ஜெர்மனி 2021-ல் சட்டம் கொண்டுவந்தபோது, பண்ணைகள் மாறுவதற்குப் பதினைந்து ஆண்டு கொடுத்தது.

தேன்மொழி:
ஹாமும் சாசேஜும் சேர்ந்தால் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டி வரைக்கும் விலை ஏறும். அந்தக் கூடுதலைக் கடைகள் தங்கள் லாபத்திலிருந்து கொஞ்சமாவது ஏற்குமா? அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
ஏற்க வைக்க வேண்டும் அக்கா. விதி வரும்போது பண்ணைகளுக்கு மானியமும், கடைகள் கொள்முதல் விலையை ஒப்பந்தத்தில் எழுதித் தரும் கட்டாயமும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் பாரம் உங்கள் தலையிலும் வயல்வெளி போன்றவர்கள் தலையிலும்தான் விழும். ஹாம், சாசேஜ் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. பதினைந்து ஆண்டு மட்டும் முடியாது. ஐந்து.

வயல்வெளி:
ஐந்தில் கொட்டகைக் கடனே தீராது. மானியம் உறுதி என்று எழுத்தில் கொடுத்தால் பத்துக்கு வருகிறேன்.