ப்ராஸ்டேட் புற்றுநோய், ரெண்டு மூணு இடத்தில்தான் பரவல் என்றால் என்ன செய்தீர்கள்?

சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று காட்டப் போனவனுக்கு பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் கோளாறைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 38, பயாப்சியில் க்ளீசன் (புற்றின் வீரியத்தைச் சொல்லும் மதிப்பெண்) 8. எலும்பு ஸ்கேனில் இடுப்பில் ஒன்று, முதுகெலும்பில் ஒன்று. முதல் மருத்துவர் ஹார்மோன் ஊசியும் அபிராடெரோன் மாத்திரையும் போதும் என்றார். இரண்டாமவர் ப்ராஸ்டேட்டுக்கும் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்றார். வெளியே போய்விட்ட பிறகு கிளம்பின இடத்தைச் சுட்டு என்ன பயன் என்று கேட்டேன். அவர் 2018இல் வந்த ஸ்டாம்பீட் ஆய்வைக் காட்டினார். 2061 பேர். மொத்தமாகப் பார்த்தால் ஆயுள் கூடவில்லை. பரவல் குறைவாக இருந்தவர்களில் மட்டும், 3 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 81 சதவீதம்; கதிர்வீச்சு இல்லாதவர்களில் 73. அந்த எட்டுக்காக ஒத்துக்கொண்டேன்.

நாலு வாரம், 20 சிட்டிங். வலியே இல்லை. மூத்திரப்பை நிறையத் தண்ணீரோடு காத்திருப்பதுதான் தண்டனை, அதுவும் மெஷின் தாமதமாகும் நாளில்! ஊசிதான் ஆளை மாற்றிவிட்டது. நடுராத்திரியில் உடம்பு கொதித்து வேர்த்து எழுப்பும். தாம்பத்திய ஆசை சுத்தமாகப் போய்விட்டது. இதை மனைவியையும் உட்கார வைத்து முன்பே சொல்லியிருக்கலாம். மாத்திரையால் பிரஷர் ஏறியது. பிஎஸ்ஏ இப்போது 0.1க்குக் கீழே.

*

ஐயா, என் கதை வேறு. ப்ராஸ்டேட்டை எடுத்து 5 வருடம் கழித்து பிஎஸ்ஏ மெல்ல ஏறியது. சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ப்ராஸ்டேட் புற்றுச் செல்களை நுணுக்கமாகக் காட்டும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் ஒரே ஒரு நிணநீர்க் கட்டி. ஊசியைத் தள்ளிப்போட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதை மட்டும் குறிவைத்து 3 சிட்டிங் எஸ்பிஆர்டி என்ற துல்லியமான, வீரியமான கதிர்வீச்சு கொடுத்தார்கள். இதற்கான ஆய்வுகள் சின்னவை. ஓரியோல் என்ற ஆய்வில் 54 பேர்தான். 6 மாதத்தில் நோய் முன்னேறியது கதிர்வீச்சு பெற்றவர்களில் 19 சதவீதம், சும்மா கண்காணித்தவர்களில் 61. ஆயுள் கூடும் என்று அது நிரூபிக்கவில்லை. என்னிடமும் யாரும் அப்படிச் சொல்லவில்லை. 16 மாதம் கழித்து வேறு இடத்தில் முளைத்தது, இப்போது நானும் ஊசியில்தான். வீண் வேலை என்கிறான் மகன். நன்றாகத் தூங்கின 16 மாதம் அது, எனக்கு வீணாகத் தெரியவில்லை.

*

என் கணவருக்கு எலும்பு ஸ்கேனில் இரண்டு, பெட் ஸ்கேனில் ஏழு! குறைந்த பரவலா, அதிகமா என்று எங்களுக்குத் தலை சுற்றியது. ஸ்டாம்பீட்டில் எண்ணியது பழைய எலும்பு ஸ்கேனை வைத்துத்தான், அந்தக் கணக்கில் இவர் குறைவுதான் என்று மருத்துவர் விளக்கிய பிறகே கதிர்வீச்சுக்குச் சம்மதித்தோம். ஆகவே எண்ணிக்கையைச் சொன்னால் எந்த ஸ்கேனில் என்று கேளுங்கள். அப்புறம், முதலில் எழுதிய அண்ணா, ஊசி எலும்பைத் தேய்க்கும். எலும்பு அடர்த்தி பார்த்தீர்களா?

*

இல்லையம்மா, யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை போகிறேன், கேட்கிறேன்.