நினைவு நாணயங்களில் எதை வாங்குவது? உதவி தேவை

பெரம்பூர் அப்பா:
வணக்கம். தாத்தாவின் தகர டப்பாவில் 1969 காந்தி நூற்றாண்டு பத்து ரூபாய் வெள்ளிக் காசு கிடைத்ததிலிருந்து, ஏழாவது படிக்கும் என் மகளுக்கு நாணயம் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்கலாம். ஒரு கடையில் நூறு ரூபாய் நினைவு நாணயத்தைக் காட்டி, இரண்டு வருடத்தில் மூன்று மடங்காகும் என்று எட்டாயிரம் கேட்டார்கள். பெட்டி இல்லை, காசில் பழுப்புப் புள்ளிகள் வேறு. வாங்கலாமா?

மயிலை சேகரிப்பாளர்:
வேண்டாம் சார். இந்த நூறு, நூற்றைம்பது ரூபாய் நாணயங்கள் புழக்கத்துக்கு வருபவை அல்ல. சேகரிப்பவர்களுக்காகவே அரசு நாணயச்சாலை அடித்து நேரடியாக விற்பவை. பல ஆண்டுகளாக வந்தவற்றில் பெரும்பாலானவை 35 கிராம் எடை, 44 மில்லிமீட்டர் அகலம், வெள்ளி பாதிதான். அதாவது 17.5 கிராம். இன்றைய வெள்ளி விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் நாணயத்தின் நிலைக்கும் அரிதான தன்மைக்கும்தான். புள்ளி விழுந்து, பெட்டியும் கையேடும் இல்லாத காசுக்கு அந்தக் கூடுதல் விலை அடிபட்டுப் போகும். உங்கள் தாத்தாவின் காந்தி காசு 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. 12 கிராம் வீட்டிலேயே இருக்கிறது! அதைப் புளி போட்டோ பற்பசை போட்டோ தேய்த்துவிடாதீர்கள், விலை விழுந்துவிடும். ஓரத்தைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு, காசுக்கான பிளாஸ்டிக் காப்ஸ்யூலில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது நல்லது.

தாம்பரம் டீச்சர்:
மகளுக்கு என்றால் புழக்கத்துக்கு வந்த ஐந்து ரூபாய் நினைவு நாணயங்களில் தொடங்குங்கள் தம்பி. ஒரு தலைப்பு வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குப் பிடிப்பு வரும். நான் தமிழ்நாடு என்று வைத்தேன்: 2003 காமராசர், 2009 அண்ணா, 2010 தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு. அண்ணா காசில் அவருடைய கையெழுத்து தமிழிலேயே இருக்கும், எனக்கு அதுதான் உயிர். அப்புறம், ஆண்டுக்குக் கீழே, எந்த நாணயச்சாலை அடித்தது என்று காட்டும் குறியைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். வைரக் குறி மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லை என்றால் கொல்கத்தா. ஒரே காசை எல்லா நாணயச்சாலைகளும் ஒரே எண்ணிக்கையில் அடிப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காசுகளைக் காட்டுங்கள்.

பெரம்பூர் அப்பா:
நன்றிங்க. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் காசுக்குப் பத்து லட்சம் தருவதாக வாட்ஸப்பில் ஒருவர் பதிவுக் கட்டணம் கேட்கிறாரே?

மயிலை சேகரிப்பாளர்:
ஒரு பைசா அனுப்பாதீர்கள். பழைய காசு வாங்குவதாகச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்திருக்கிறது. எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.

பெரம்பூர் அப்பா:
செய்துவிட்டேன், கடைக்கும் வேண்டாம் என்று சொல்லியாச்சு. பாட்டியின் உண்டியலில் ஒரு அண்ணா காசு கிடைத்தது. பூதக்கண்ணாடியோடு குறியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.