துணியில் கட்டிய பிள்ளையும் கடைத்தெருக் கேள்விகளும்

கீரைக்கட்டு:
மகனைத் துணியில் கட்டி மார்போடு சாய்த்துக்கொண்டு வெளியே கிளம்பினால், யாராவது ஒருவர் நிறுத்தி விசாரிக்காமல் விடுவதில்லை. உழவர் சந்தையில் கீரை விற்கும் அம்மா, "ஏம்மா, புள்ளைக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் துணியை விலக்கி எட்டிப் பார்த்தார். முகம் பக்கவாட்டில் திரும்பி, மூக்கு வெளியே தெரிய, ஒரு கன்னம் என்மேல் நசுங்கி, உதட்டோரம் எச்சில் வழிய நல்ல தூக்கம். "அட, சொகமாத்தான் கெடக்கான்" என்று ஒரு கட்டு அரைக்கீரையைக் கூடுதலாகப் பையில் போட்டார்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், எழுதுங்கள். எனக்குப் பெரிய லாபம் இரண்டு கைகளும் திரும்பக் கிடைத்ததுதான். வீட்டுப் பெரியவர்களோ, "கைச்சூடு பழகிட்டா கீழே விடவே முடியாது, அழுதுக்கிட்டே இருக்கும்" என்கிறார்கள். மான்ட்ரியாலில் ஹன்சிகர், பார் என்ற இருவர் 1986-ல் வெளியிட்ட ஆய்வு நேர் எதிராகச் சொல்கிறது. அழும்போது மட்டுமல்லாமல், சும்மா இருக்கும்போதும் தினம் குறைந்தது 3 மணி நேரம் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறு வார வயதில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவாக அழுதன. ஆனால் அதே பார், ஏற்கனவே ஓயாமல் அழுகிற குழந்தைகளிடம் சோதித்து 1991-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. அதனால் அழுகைக்கு மருந்து என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் சாயங்கால அழுகை குறைந்தது, அவ்வளவுதான்.

திருச்சி அப்பா:
சகோ, என் கதை ஆஸ்பத்திரியில் நடந்தது. மகள் குறைமாதம், எடையும் குறைவு. மனைவி ஆபரேஷன் முடிந்து எழுந்து உட்கார முடியாத நிலை. பச்சிளங்குழந்தைப் பிரிவு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "சட்டையைக் கழட்டிட்டு இப்படிச் சாய்ஞ்சு உட்காருங்க" என்றார். திருதிருவென்று விழித்தேன். குல்லாவும் டயப்பரும் மட்டும் போட்டிருந்த பிள்ளையைத் தவளை மாதிரிக் கைகால் மடக்கி என் நெஞ்சில் கவிழ்த்தார். தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியின் மேல்விளிம்பு காதுக்குக் கீழே வருகிற மாதிரி இறுக்கிச் சுற்றினார். சில்லென்றிருந்த பாதங்கள் கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகின. பேரனைப் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி, "ஆம்பளைக்கு எதுக்குப்பா இந்த வேலை?" என்று சிரித்தார். மறுநாள் தன் மகனை இழுத்துவந்து சிஸ்டர் முன்னால் நிறுத்தியதும் அதே பாட்டிதான்!

கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் திண்டாடிய மருத்துவமனை ஒன்றில், எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் 1970-களின் கடைசியில் தொடங்கியது. இன்குபேட்டர் இல்லாத ஊருக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்தேன். இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்த கையோடு இப்படி நெஞ்சில் வைத்தார்கள். முதல் 28 நாள் இறப்பு கால் பங்கு குறைந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதைச் செய்யச் சொல்லிவிட்டது. அத்தனை மணி நேரத்தையும் தாய் ஒருத்தியே எப்படிச் சமாளிப்பார்? அப்பாக்கள் சட்டையைக் கழற்ற வேண்டியதுதான்.

மணிமாலை:
எனக்குக் கட்டச் சொல்லிக்கொடுத்தது பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்ற நரிக்குறவர் பெண். நடந்து நடந்து என் துணி நெகிழ்ந்து, பாப்பா வயிற்றுப் பக்கம் இறங்கியிருந்தாள். "தொங்குது பாரு, ஏத்திக் கட்டு தாயி" என்று, தன் பிள்ளை முதுகில் தூங்க, என் துணியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கிற உயரத்துக்கு வந்துவிட்டாள். இடுப்பு வலி பாதி போச்சு. பிற்பாடு எங்கள் டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: முழங்கால் புட்டத்தைவிட உயரமாக, தொடை முழுக்கத் துணி தாங்க வேண்டும், கால் நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. பிள்ளையைத் துணியில் கட்டுவதை வெளிநாட்டு ஃபேஷன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

புது அம்மா:
அக்கா, துணியில் நன்றாகத் தூங்குகிறாள். இறக்கிப் பாயில் போட்டதும் முழித்துக்கொள்கிறாளே, என்ன செய்ய?

கீரைக்கட்டு:
ஜப்பானில் ரிக்கென் ஆய்வகத்தார் 2022-ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே இறக்காமல், 5 முதல் 8 நிமிடம் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம் படுக்க வைத்தால் முழிப்பது குறைகிறது. என் மகனிடம் பலித்தது, ஒவ்வொரு முறையும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் ஒருவர் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டிப் போனார். பார்த்ததும் பகீரென்றது. இந்தத் துணி நடப்பதற்கு மட்டும்தான். வண்டிக்கு வேண்டாம், அடுப்படிக்கும் வேண்டாம். எண்ணெய் தெறித்தால் முதலில் படுவது பிள்ளை மேல்தான். நாலு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையின் தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். தாடை நெஞ்சில் மடங்கினால் மூச்சுக்குழல் மடங்கும், சத்தமே வராது. குறைமாதம் என்றாலோ சளி பிடித்திருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் கட்டாதீர்கள்.

மணிமாலை:
வெயிலுக்கு எந்தத் துணி நல்லது என்று யாரும் கேட்கவில்லையே! துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல் சேலை போதும். பிள்ளைக்கு உள்ளே ஒரு ஜட்டி மட்டும் போடுங்கள், துணியே ஒரு சட்டைதான். துணியை இழுத்து இறுக்க ஒரு முனையில் ரிங் (வளையம்) போட்டுத் தைப்பதாக இருந்தால், ஒட்டு தெரிகிற இரும்பு வளையம் வேண்டாம். குழந்தை தூக்குவதற்கென்றே விற்கிற வளையமாகப் பார்த்து வாங்குங்கள்.