கணவர் பெயரில் மட்டும் வீடு, உயில் இல்லை: கலிபோர்னியாவில் தங்கைக்கு என்ன வழி?

ஃப்ரீமாண்ட் அண்ணன் கேட்டது:

வணக்கம். என் தங்கையின் கணவர் சென்ற மாதம் மாரடைப்பில் தவறிவிட்டார். வயது 42. உயில் எழுதவில்லை, டிரஸ்டும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேர், பத்து வயதும் ஆறு வயதும். தங்கை எதையும் பார்க்கும் நிலையில் இல்லாததால் காகிதங்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2011ல் கோயம்புத்தூரில் கல்யாணம். 2017 வரை நியூ ஜெர்சி, அப்புறம் கலிபோர்னியா. 2019ல் ஃப்ரீமாண்டில் வீடு வாங்கினார்கள். அப்போது தங்கை எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது) இருந்தாள். வேலை இல்லை, கிரெடிட் ஸ்கோரும் இல்லை. அதனால் மார்ட்கேஜும் (வீட்டுக் கடன்) பத்திரமும் மாப்பிள்ளை பெயரில் மட்டும். இன்றைக்கு வீடு 16 லட்சம் டாலர் போகும், கடன் பாக்கி 7 லட்சம். அவர் பெயரில் 401கே (ஓய்வூதியச் சேமிப்பு), கம்பெனிப் பங்குகள் உள்ள புரோக்கரேஜ் கணக்கு. தங்கை பிறகு வேலைக்குப் போய்ச் சேர்த்த பங்குகள் அவள் பெயரில் கொஞ்சம் உண்டு. சென்னை மடிப்பாக்கத்தில் 2014ல் வாங்கிய ஃப்ளாட்டும் அவர் பெயரில்தான். மாப்பிள்ளையின் அம்மா அங்கே இருக்கிறார்.

ஒரு வக்கீல் அலுவலகத்தில் கேட்டால், முழு ப்ரோபேட் (இறந்தவர் சொத்தை நீதிமன்றம் வழியாகப் பிரிப்பது) போட வேண்டும், வீட்டுக்கு மட்டும் கட்டணம் 29,000 டாலர் என்கிறார்கள். நண்பர்களோ, "இது கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி மாநிலம், மனைவிக்குத் தானாகவே வந்துவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார்கள். எது சரி? பேங்க் முழுக் கடனையும் கட்டச் சொல்லுமா?

டைட்டில் ஆபீஸ் அக்கா:

தம்பி, மிகவும் வருத்தமாக இருக்கிறது. முதலில் பயப்பட வேண்டாத விஷயம்: பேங்க் கடனைத் திரும்பக் கேட்க முடியாது. வீட்டுக்காரர் இறந்து மனைவி பிள்ளைகளுக்கு வீடு போகும்போது முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லக்கூடாது என்று 1982லிருந்து கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. மாதத் தவணையை விடாமல் கட்டுங்கள். இறப்புச் சான்றிதழை அனுப்பி, தங்கையை வாரிசுதாரராகப் பதிவு செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். அதற்கப்புறம் கடன் விவரங்களை அவரிடம் பேச மறுக்க மாட்டார்கள்.

29,000 என்பது அவர்கள் இட்டுக்கட்டிய தொகை இல்லை. முதல் ஒரு லட்சத்துக்கு 4 சதவீதம், அடுத்த ஒரு லட்சத்துக்கு 3, அடுத்த எட்டு லட்சத்துக்கு 2, அதற்கு மேல் 1 என்று சட்டத்திலேயே இருக்கிறது. 16 லட்சத்துக்கு 4,000 + 3,000 + 16,000 + 6,000. கடனைக் கழிக்க மாட்டார்கள், மொத்த மதிப்புக்குத்தான் கணக்கு. எஸ்டேட்டை நிர்வகிப்பவரும் இதே அளவு தனியாக வாங்கலாம். தங்கையே நிர்வாகியானால் வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

ஆனால் முழு ப்ரோபேட் தேவையா என்பதே வேறு கேள்வி. கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்து வாங்கிய சொத்து கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி. பாதி ஏற்கெனவே தங்கையுடையது. உயில் இல்லாமல் கணவர் இறந்தால் அவருடைய பாதியும் மனைவிக்கே, பிள்ளைகள் இருந்தாலும் அப்படித்தான். அதற்கு ஸ்பவுஸல் ப்ராப்பர்ட்டி பெட்டிஷன் என்று ஒரு மனு உண்டு, படிவம் டிஇ-221. தாக்கல் கட்டணம் 435 டாலர். சதவீதக் கட்டணம் இதற்குக் கிடையாது, வக்கீலோடு பேசி மணிக்கணக்கில் கொடுக்கலாம்.

இதெல்லாம் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எச்4, மார்ட்கேஜ் கணவர் பெயரில் என்று நீங்கள் சொன்னதுமே எனக்குக் கவலை. கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்திலிருந்து 2019ல் பதிவான எல்லாப் பத்திரங்களின் நகலையும் வாங்குங்கள். ஒன்றோடு நிறுத்தாதீர்கள். விற்றவர் கொடுத்த பத்திரத்துக்கு அடுத்த எண்ணில் இன்னொன்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வக்கீலிடம் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

ஹூஸ்டன்வாசி:

டெக்ஸாஸும் கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டிதான், ஆனால் விதி வேறு. இங்கே எல்லாப் பிள்ளைகளும் இருவருக்கும் பிறந்தவர்கள் என்றால்தான் இறந்தவரின் பாதி மனைவிக்குப் போகும். முதல் கல்யாணத்தில் ஒரு பிள்ளை இருந்தாலும் அந்தப் பாதி முழுவதும் பிள்ளைகளுக்கு. இங்கே வக்கீல் கட்டணம் சதவீதத்தில் இல்லை. எனவே யூடியூபில் யாராவது "கம்யூனிட்டி ஸ்டேட்" என்று பொதுவாகச் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒன்பது மாநிலங்களும் ஒன்பது விதம்.

ஃப்ரீமாண்ட் அண்ணன்:

அக்கா, நீங்கள் சொன்னபடியே அடுத்தடுத்த எண்ணில் இரண்டு பத்திரங்கள். முதலாவதில் "திருமணமானவர், தம் தனிச் சொத்தாக" என்று மாப்பிள்ளை பெயர். இரண்டாவது இன்டர்ஸ்பவுஸல் டிரான்ஸ்ஃபர் டீட். தங்கை தன் உரிமை எல்லாவற்றையும் கணவருக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், பரிமாற்ற வரி பூஜ்யம். கேட்டால், "லோனுக்கு வேணும்னாங்க, போட்டேன், கட்டைவிரல் ரேகை வாங்கினது மட்டும் ஞாபகம் இருக்கு" என்கிறாள்.

டைட்டில் ஆபீஸ் அக்கா:

கலிபோர்னியாவில் வீட்டுப் பத்திரம் என்றால் நோட்டரி தன் பதிவேட்டில் கட்டைவிரல் ரேகை வாங்க வேண்டும், அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். அந்தக் காகிதத்தால் என்ன ஆகும் என்று விளக்குவது அவர் வேலை இல்லை. ஒருவர் பெயரில் மட்டும் கடன் என்றால் கடன் கொடுப்பவரும், வீட்டு உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் நிறுவனமும் இதைக் கேட்பது வழக்கம். கடன் கிடைத்து வீடு வாங்கியானதும் மனைவி பெயரை மறுபடி சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் யாரும் நினைவுபடுத்துவதில்லை. எத்தனையோ நம் வீட்டுப் பெண்கள் இப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை. இனி வக்கீல் விஷயம், மேடம் சொல்லட்டும்.

சான் ஹோசே வக்கீல்:

பொதுவான விளக்கம்தான் தருகிறேன். உங்கள் வழக்குக்கு ஆவணங்களைப் பார்க்கும் வக்கீல் வேண்டும்.

அந்த டீட் அப்படியே நின்றால் வீடு கணவரின் தனிச் சொத்து. உயில் இல்லாமல் இறந்தவரின் தனிச் சொத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் பிள்ளைகளுக்கு. அவர்கள் சிறுவர்கள், அதனால் அவர்கள் பங்குக்கு நீதிமன்றம் கார்டியனை நியமிக்கும், வீட்டை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும், பணம் பதினெட்டு வயது வரை முடக்கிய கணக்கில் இருக்கும். சொந்த வீட்டில் தாய் தன் பிள்ளைகளோடு கூட்டுச் சொந்தக்காரராக வாழும் நிலை.

இப்போது அடுத்த பக்கம். கணவன் மனைவி ஒருவருக்கொருவர் நம்பிக்கைக் கடமை உள்ளவர்கள். ஒருவர் ஒன்றும் பெறாமல் மற்றவருக்குச் சொத்தை விட்டுக்கொடுத்தால், அது முறையற்ற செல்வாக்கால் நடந்தது என்றே சட்டம் முதலில் அனுமானிக்கும். மனைவி விவரம் தெரிந்து, மனதார விட்டுக்கொடுத்தார் என்று எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் தீர்ப்பளித்திருக்கின்றன, ஆகவே ஆதாரம்தான் எல்லாம். கடன் ஏஜெண்டு அனுப்பிய மின்னஞ்சல், "கையெழுத்துப் போடு, அப்புறம் உன் பெயரைச் சேர்த்துக்கலாம்" என்ற வாட்ஸ்அப், அந்தச் சமயத்து விசா நகல், எதையும் அழிக்காதீர்கள். கணவரின் பழைய மின்னஞ்சல் கணக்கை இப்போதே மூடிவிட வேண்டாம்.

அதில் தோற்றாலும் கையை விரிக்க வேண்டியதில்லை. 2019 முதல் மார்ட்கேஜில் கட்டிய அசல், கல்யாணத்துக்குப் பின் வந்த சம்பளத்திலிருந்து போனது. அந்த அளவுக்கும், அதற்கேற்ற மதிப்பு உயர்வுக்கும் கம்யூனிட்டிக்குப் பங்கு உண்டு. முன்பணம் நியூ ஜெர்சி சேமிப்பிலிருந்து வந்ததென்றால் பேங்க் ஸ்டேட்மெண்ட் எடுத்து வையுங்கள். நியூ ஜெர்சி கம்யூனிட்டி மாநிலம் இல்லை. ஆனால் அங்கே சம்பாதித்ததை, இங்கே சம்பாதித்திருந்தால் எப்படியோ அப்படியே பார்க்கும் குவாசி-கம்யூனிட்டி விதி கலிபோர்னியாவில் இருக்கிறது.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்கிறேன். அக்கா சொன்ன ஸ்பவுஸல் ப்ராப்பர்ட்டி மனுவில் தாய் கேட்பது அதிகமானால் பிள்ளைகளுக்கு வருவது குறையும். அதனால் பிள்ளைகளுக்காகப் பேச நீதிமன்றம் தனியாக ஒருவரை நியமிக்கக்கூடும். தங்கை இதைக் கேட்டு நொந்துபோகலாம். பிள்ளைகளிடமிருந்து எதையும் பறிப்பதாக இதற்கு அர்த்தமில்லை என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லி வையுங்கள்.

401கே இதில் சேராது. அந்தத் திட்டங்களில் மனைவி எழுத்தில் விட்டுக்கொடுத்திருந்தாலொழிய அவருக்கே வரும். புரோக்கரேஜ் கணக்கை இதே மனுவில் சேர்க்கலாம்.

சன்னிவேல் அம்மா:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பத்திரத்தில் "ஜாயின்ட் டெனன்ட்ஸ்" என்று இருக்கிறது. அது போதுமா?

சான் ஹோசே வக்கீல்:

ஒருவர் இறந்தால் மற்றவருக்கு ப்ரோபேட் இல்லாமல் வரும், சரி. ஆனால் ஜாயின்ட் டெனன்ஸி என்று மட்டும் இருந்தால், இறந்தவரின் பாதிக்குத்தான் வருமான வரிக்கான அடக்க விலை (விற்கும்போது லாபம் கணக்கிட எடுக்கும் வாங்கிய விலை) அன்றைய மதிப்புக்கு உயரும். கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி என்றால் இரண்டு பாதிக்குமே உயரும். 2001 ஜூலையிலிருந்து கலிபோர்னியாவில் "கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி வித் ரைட் ஆஃப் சர்வைவர்ஷிப்" என்று எழுதலாம். இரண்டு பலனும் கிடைக்கும். இருவரும் ஒரே விபத்தில் போனால் அதுவும் போதாது. சிறு பிள்ளைகள் இருந்தால், உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றி வைக்கும் லிவிங் டிரஸ்டும், கார்டியன் யார் என்று சொல்லும் உயிலும் வேண்டும். டிரஸ்ட் எழுதிவிட்டு வீட்டை அதன் பெயருக்கு மாற்றாமல் விட்டுவிடாதீர்கள், நான் அடிக்கடி பார்க்கும் குறை அது.

சென்னைப் பத்திரம்:

மடிப்பாக்கம் ஃப்ளாட்டை யாரும் தொடவில்லையே. அசையாச் சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான். அவர் இந்து என்றால் 1956ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. நால்வருக்கும் சம பங்கு. அப்பா இருந்தாலும் இதில் வர மாட்டார். கலிபோர்னியாச் சொத்தில் பங்கில்லாத அதே அம்மாவுக்கு இங்கே கால் பங்கு உண்டு. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது அம்மா பெயரை விட்டுவிட்டு வாங்கினால் பின்னால் பெரிய பிரச்சினை. பிள்ளைகளின் பங்கை விற்கவும் நீதிமன்ற அனுமதி வேண்டும். மகனை இழந்த தாயிடம் முதலில் போய் உட்கார்ந்து பேசுங்கள், காகிதம் அப்புறம்.

ஃப்ரீமாண்ட் அண்ணன்:

நன்றி சார். அத்தையிடம் பேசினோம். ஃப்ளாட்டை இப்போதைக்கு விற்பதில்லை, அவர் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு.

மணிக்கணக்கில் வாங்கும் வேறொரு வக்கீலை அமர்த்திவிட்டோம். மாப்பிள்ளையின் மின்னஞ்சலில் தேடியபோது கடன் ஏஜெண்டு 2019ல் அனுப்பியது கிடைத்தது. "உங்கள் மனைவிக்கு கிரெடிட் இல்லாததால் இந்த டீடில் கையெழுத்து வேண்டும். க்ளோசிங் முடிந்ததும் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம்" என்று இரண்டு வரி. வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, முழு ப்ரோபேட்டுக்கு முன் ஸ்பவுஸல் ப்ராப்பர்ட்டி பெட்டிஷனையே போடலாம் என்றார். விசாரணைத் தேதி வாங்கியாகிவிட்டது. பிள்ளைகளுக்குத் தனியாக ஒருவரை நியமிக்கும்படி அவரே கேட்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. இறந்த தேதி மதிப்பீடு இப்போதே எடுக்க வேண்டுமா? தங்கை பெயரில் உள்ள பங்குகளுக்கும் வேண்டுமா?

சான் ஹோசே வக்கீல்:

வீட்டுக்கு இப்போதே எடுங்கள், உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரிடம், இறந்த தேதியைக் குறிப்பிட்டு. வருடங்கள் கழித்து எடுத்தால் வாதாட வேண்டிவரும்.

தங்கை பெயரில் உள்ள பங்குகளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்தவை என்பதால் அவையும் கம்யூனிட்டி. அவர் பாதி உட்பட முழுவதற்கும் அடக்க விலை இறந்த தேதி விலைக்கு மாறும். புரோக்கரேஜ் நிறுவனம் தானாக மாற்றாது, எழுத்தில் கேட்க வேண்டும். எஸ்டேட் வரி பற்றிக் கவலை வேண்டாம், 2026ல் வரம்பு ஒன்றரைக் கோடி டாலர்.

வீட்டு வரிக்கு மதிப்புப் போடும் அசெஸர் அலுவலகத்துக்கு இறப்பைத் தெரிவிக்கும் பிஓஇ-502-டி படிவத்தை இறந்த 150 நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள். மனைவிக்குப் போகும் பங்குக்கு வீட்டு வரி மறுமதிப்பீடு கிடையாது, ஆனால் படிவம் கொடுத்தாக வேண்டும்.

ஃப்ரீமாண்ட் அண்ணன்:

படிவத்தை நாளைக்கே அனுப்புகிறேன் மேடம். விசாரணை முடிந்ததும் ஆர்டரில் என்ன வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.