‘டபுள் பிளைண்ட்’ மதிப்பாய்வு: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

திங்கள் காலை, மென்பொருள் துறை ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருள் பொறியியல் மாநாடுகளுக்கு முதன்முதலாக ஆய்வுக்கட்டுரை அனுப்பும் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆய்வுச்சுருக்கம், திட்டக்குழு, ஏற்பு, நிராகரிப்பு எல்லாவற்றுக்கும் சொல் அமைந்துவிட்டது. ‘டபுள் பிளைண்ட்’ ஒன்றுதான் முள்ளாய்த் தைக்கிறது.

கட்டுரையை எழுதியவர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாது. மதிப்பாய்வாளர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. பின்னது பழைய வழக்கம். முன்னதுதான் இத்துறைக்குப் புதியது. 1975இல் தொடங்கிய ஐ.சி.எஸ்.இ. என்ற பன்னாட்டு மென்பொருள் பொறியியல் மாநாடே 2018இல்தான் இந்த முறைக்கு வந்தது. ஊரறிந்த பெயரோ பெரிய பல்கலைக்கழகமோ தீர்ப்பைச் சாய்த்துவிடக் கூடாது என்பதே நோக்கம்.

என் வரைவில் ‘இரட்டைக் குருட்டு மதிப்பாய்வு’ என்று எழுதியிருந்தேன். எழுதிய அன்றே மனம் கூசியது. பார்வையற்ற மாணவர் ஒருவர் என் வகுப்பில் இருக்கிறார்; அவர் கையில் இதை எப்படிக் கொடுப்பேன்? ஆங்கிலத்திலேயே பலர் இப்போது ‘டபுள் அனானிமஸ்’ என்று எழுதுகிறார்கள். மேலும், குருட்டு நம்பிக்கை, குருட்டுப் பாடம் என்பவற்றில் எல்லாம் யோசனையின்மை என்ற பொருள் ஒட்டியிருக்கிறது. படிக்காமலே தீர்ப்புச் சொல்லும் முறை என்று மாணவர் எண்ணிவிடுவார்.

மதிப்பாய்வாளர் சொல்லும் குறைகளுக்கு எழுதியவர் தரும் பதிலான ‘ரிபட்டல்’ என்பதற்கும் சொல் இருந்தால் தாருங்கள்.

திங்கள் மாலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, வணக்கம். இந்த விதி நமக்குப் புதியதன்று.

‘மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்பது தொல்காப்பியம். அகப்பாட்டில் தலைவன் பெயரையும் தலைவி பெயரையும் சுட்டக் கூடாது. பெயர் வந்தால் பாட்டு அகம் என்ற தகுதியையே இழக்கும். உங்கள் மாநாட்டில் பெயரோடு வந்த கட்டுரையைப் படிக்காமலே திருப்பி அனுப்புவதும் இதுதானே?

இன்னும் கேளுங்கள். நெடுநல்வாடையில் எந்த மன்னனின் பெயரும் இல்லை. ஆனால் பாசறைக் காட்சியில் ‘வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகமொடு’ என்று ஓரடி வருகிறது. வேப்பந்தழை கட்டிய வேல் அது; வேம்பு பாண்டியர் பூ. அந்த ஒரு வேப்பந்தழையை வைத்து, இது சுட்டி ஒருவர்ப் பெயர் கொண்டதற்கு ஒப்பாகும் என்று சொல்லி, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பாட்டைப் புறத்தில் சேர்த்துவிட்டார். பெயரை நீக்கினால் மட்டும் போதாது, அடையாளமும் வெளிப்படக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கையேட்டில் கிடைக்கும்?

ஆகவே ‘பெயர்கொளா மதிப்பாய்வு’ என்று முன்மொழிகிறேன். ரிபட்டலுக்குத் தேடவே வேண்டாம். உரையாசிரியர்கள் ஒரு தடையை எழுப்பித் தாமே விடை சொல்வார்கள். ‘தடைவிடை’ என்று போடுங்கள்.

அன்றிரவு, மீண்டும் ஆசிரியை:

ஐயா, வேப்பந்தழையை என் மாணவர்கள் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டார்கள். அவர்கள் செய்யும் பிழைகள் எல்லாம் அந்த வகைதான். முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிடுவார்கள். உள்ளே ‘எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி’ என்று எழுதுவார்கள். சொந்த ஆய்வையும் பிறர் ஆய்வுபோலப் படர்க்கையில் சுட்ட வேண்டும். நிரல்களை வைத்திருக்கும் களஞ்சியத்தின் இணைப்பைக் கொடுப்பார்கள். அதன் மாற்ற வரலாற்றில் எழுதியவர் பெயர் வரிக்கு வரி இருக்கும். நன்றியுரையில் நிதி உதவி எண் இருக்கும். பி.டி.எஃப். கோப்பின் பண்புகளில் கணினிக்காரர் பெயர் இருக்கும். அந்தப் பிரிவுக்கு ‘வேப்பந்தழைகள்’ என்றே தலைப்பு வைத்துவிட்டேன்.

தடைவிடையை எடுத்துக்கொண்டேன். ஆனால் ‘பெயர்கொளா’ என்பதை முதலாண்டு மாணவர் பெயர் கொல்லா என்று படித்துவிடுவாரோ?

செவ்வாய், இலக்கண ஆய்வாளர்:

படிப்பவருக்குத் தடுமாற்றம் வரும் என்பது சரி. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கட்டுரைக்குப் பெயர் இல்லாமல் இல்லை. எழுதியவர் பெயர் சமர்ப்பிப்புத் தளத்தில் பதிவாகியிருக்கிறது, திட்டக்குழுத் தலைவருக்குத் தெரியும். ஏற்றபின் இறுதிப் படியில் பெயர் திரும்பி வருகிறது. இருந்தும் புலப்படாமல் நிற்கும் இந்த நிலைக்கு நம் இலக்கணத்தில் சொல் இருக்கிறது: தொகுதல். ‘பால் குடித்தான்’ என்பதில் ஐயுருபு தொக்கு நிற்கிறது. இல்லாமல் போகவில்லை; விரித்தால் ‘பாலைக் குடித்தான்’ என்று வந்துவிடும். ஆகவே ‘பெயர்தொகு மதிப்பாய்வு’. ஏற்கப்பட்ட பின் வரும் படிக்குப் ‘பெயர்விரி படி’.

தொகை என்பது உருபு மறைவதாலா, சொற்கள் பிளவுபடாமல் ஒட்டி நிற்பதாலா என்று கேட்கலாம். ஆசிரியர்கள் இருதிறத்தர் என்று தொல்காப்பிய உரையாசிரியர் சேனாவரையரே எழுதுகிறார். நான் மறைதல் பக்கம். தொகு, தொகுதி, தொக்கு, தொகுப்பு எல்லாம் ஒரே வேர். குவியும்போது உள்ளிருப்பது கண்ணுக்கு மறைகிறது, எனவே இரு பொருளும் ஒன்றிலிருந்தே கிளைத்தவை. இதைத் தனிக் கட்டுரையாகவே எழுத எண்ணம்.

செவ்வாய் பிற்பகல், முனைவர் பட்ட மாணவர்:

ஐயா, தங்கள் விளக்கத்தை இரண்டு முறை படித்தேன், மகிழ்ந்தேன். ஆனால் இன்று தொகை என்றால் பணம், தொகுப்பு என்றால் பலவற்றைச் சேர்த்தது. ‘பெயர்தொகு மதிப்பாய்வு’ என்று படித்தால் பெயர்களைத் திரட்டிப் பட்டியலிடுவார்கள் என்றுதான் நான் எண்ணுவேன். சொல்லின் நேர் எதிர்ப்பொருள் அது. இறுதி நாளுக்கு முந்திய இரவு இந்தக் கையேட்டைப் புரட்டப்போகும் ஒருவனாகக் கேட்கிறேன்: விளக்கம் இல்லாமல் புரிகிற சொல்லைத் தாருங்கள். பெயர், மறைப்பு இரண்டும் எல்லோருக்கும் தெரியும். ‘இருபுறப் பெயர்மறைப்பு மதிப்பாய்வு’ போதாதா?

செவ்வாய் இரவு, தமிழாசிரியர்:

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புரிகிற சொல் மட்டும் போதும் என்றால் எந்தச் சொல்லும் மீண்டு வராது. ‘பேருந்து’ வந்தபோதும் யாருக்குப் புரிந்தது? புழங்கினோம், புரிந்தது.

மதிப்பாய்வாளருக்கும் நல்ல சொல் இருக்கிறது. இறையனார் களவியலுரை சொல்லும் கதையில் களவியல் நூலுக்கு எழுந்த உரைகளில் மெய்யுரை எதுவென்று தெரியாமல் புலவர்கள் ஒரு காரணிகனை, அதாவது நடுநின்று தீர்ப்புச் சொல்பவனை, வேண்டுகிறார்கள். உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது மூங்கைப் பிள்ளை, வாய்பேசாதவன், வருகிறான். நக்கீரர் உரை கேட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணீர் வார்த்து மெய்சிலிர்த்தானாம். ‘காரணிகர்’ என்று வைக்கலாம்.

புதன், இலக்கண ஆய்வாளர்:

காரணம் வடசொல். குருட்டை விலக்க ஒன்றுகூடியவர்கள் வடசொல்லுக்குக் கதவு திறக்க வேண்டாம். தவிர அந்தக் கதையில் புலவர்கள் நேரில் நின்று உரைத்தார்கள். எவர் உரை என்று பிள்ளைக்குத் தெரியும். ஒருபுறம்கூட மறைப்பு இல்லை.

புதன் மாலை, மருத்துவப் புள்ளியியல் பேராசிரியர்:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு துறையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறீர்கள் என்பது என் வருத்தம். இச்சொல் மருந்துச் சோதனையிலும் இருக்கிறது. அங்கே நோயாளியின் பெயரோ மருத்துவர் பெயரோ மறைவதில்லை. யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதுதான் இருவருக்கும் தெரியாது. பெயரைச் சொல்லுக்குள் அடைத்துவிட்டால் நாங்கள் வேறு சொல் தேட வேண்டும். ‘இருபுற அறியாமுறை’ இரண்டுக்கும் பொருந்தும்.

வியாழன் காலை, ஆசிரியை:

பேராசிரியர் ஐயா, பொதுச்சொல்லின் அருமை எனக்கும் தெரிகிறது. ஆனால் ‘அறியா’ என்றதும் என்ன அறியாதது என்ற கேள்வி வருகிறது. அதைச் சொன்னால்தான் மாணவர் எதை நீக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார். என் கையேட்டுக்குச் சொல்லே ஒரு கட்டளையாக வேண்டும். பெயரை மறை என்று அது சொல்ல வேண்டும்.

குழுவில் இதுவரை நால்வர் பெயர்மறைப்புக்கு இணங்கியிருக்கிறார்கள்; இருவர் தனிமடலில் சொன்னார்கள். தமிழாசிரியர் ஐயா ‘சரி, போகட்டும்’ என்று எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அச்சுக்கு ‘இருபுறப் பெயர்மறைப்பு மதிப்பாய்வு’ போகிறது. எழுதியவர் பெயர் மட்டும் வெளிப்படையாக இருக்கும் முறைக்கு ‘ஒருபுறப் பெயர்மறைப்பு’. மருந்துச் சோதனைக்கு இது பொருந்தாது என்று சொல்லடைவில் ஒரு வரி சேர்க்கிறேன்.

வியாழன் இரவு, இலக்கண ஆய்வாளர்:

அச்சுக்குப் போவதைத் தடுக்க இதை எழுதவில்லை. என் மறுப்பு பதிவாக வேண்டும், அவ்வளவுதான்.

மறைப்பு என்ற சொல்லில் குற்றத்தின் நிழல் இருக்கிறது. உண்மையை மறைத்தான், சொத்தை மறைத்தான் என்கிறோம். வள்ளுவர் காக்கையைப் புகழ்வதே ‘கரவா’, அதாவது மறைக்காமல், உண்பதற்காகத்தான். முதல் கட்டுரையை அனுப்பும் மாணவர் எதையும் ஒளிக்கவில்லை. தன் பெயரைக் குழுத்தலைவரிடம் ஒப்படைத்துவிட்டு, எழுத்தை மட்டும் முன்னே அனுப்புகிறார். பெயர் அங்கே காவலில் இருக்கிறது; தீர்ப்பு வந்ததும் அவரிடமே திரும்புகிறது. நேற்றிரவு தொகையைக் கைவிட்டேன். ஆனால் கைவிட்ட இடத்தில் வந்து நின்றது ‘பெயர்க்காப்பு’. இருபுறப் பெயர்க்காப்பு. எழுத்தும் கூடவில்லை.

அடுத்த பதிப்பு வரும்போது இம்மடலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அம்மா. அதுவரை என் வகுப்பில் நான் பெயர்க்காப்பு என்றுதான் சொல்லப்போகிறேன்.