பச்சை எரியும் முன் கிளம்பின பையன்

தண்டையார்பேட்டை ஒர்க்‌ஷாப்

எங்கள் டிராக் ரேஸ் (drag race, நேர்கோட்டில் ஓட்டும் குறுந்தூரப் பந்தயம்) கூட்டத்தில் இப்போதைக்கு ஆறு பேர். நாலு பேருக்கு நரை, ஒருவருக்கு முட்டி வலி. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆர்வமே இல்லை" என்று டீக்கடையில் நாங்கள் புலம்பிக்கொண்டிருக்கும்போதே, சைலன்ஸரைக் கழற்றிய வண்டியில் மூன்று பையன்கள் தெருவே அதிரப் போவார்கள். ஆர்வம் இல்லையாம்!

புது ஆளை உள்ளே கொண்டுவந்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு பையன், வயது 19 இருக்கும், மூன்று மாதத்தில் மூன்றாவது தடவையாக கிளட்ச் பிளேட் மாற்ற வந்தான். "கம்பெனி பிளேட்டே சரியில்லண்ணா" என்றான். பிளேட்டைக் கழற்றினால் கரிந்த வாடை. ராத்திரி பத்து மணிக்கு மேல் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பசங்கள் பைக் ரேஸ் விடுவது எங்கள் ஏரியாவில் எல்லோருக்கும் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை. அவன் அப்பா, வாத்தியார், போலீஸ் எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். என் பங்கு வேறு.

கடை மூலையில் ஒரு பழைய பெஞ்ச் இருக்கிறது. அதில் ஓர் ஆர்.எக்ஸ். 100 பைக்கின் ஹேண்டில் பாரை போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறேன். எதிரே கம்பத்தில் லாரி இண்டிகேட்டர் விளக்குகள்: மூன்று மஞ்சள், ஒரு பச்சை, ஒரு சிவப்பு. ரிச்சி தெருவில் வாங்கிய ஆர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று இதை இயக்குகிறது. நிஜ ரேஸ் டிராக்கில் (track, பந்தயத் தடம்) இருப்பதைப் போலவே அரை நொடிக்கு ஒரு மஞ்சளாக மூன்றும் எரியும், அடுத்த அரை நொடியில் பச்சை. கிளட்ச் லீவரை விட்டதும் நேரம் பதிவாகும். நிஜ வண்டி கோட்டைத் தாண்டி உருள எடுக்கும் கால் நொடியையும் கணக்கில் சேர்த்துவிடும்படி ஓர் எலக்ட்ரிக் கடைத் தம்பி புரோகிராம் எழுதிக் கொடுத்தான். பச்சைக்கு முன்னால் கிளம்பினால் சிவப்பு. ஆட்டம் அங்கேயே முடிந்தது.

"உட்காருடா, பத்து தடவை" என்றேன். ஆறு தடவை சிவப்பு. மிச்சம் நாலில், பச்சை எரிந்து அரை நொடி ஆன பிறகுதான் கை விட்டது. "லைட்டுல கோளாறுண்ணா" என்றான். வண்டி இல்லை, சத்தம் இல்லை, பின்னால் கைதட்ட ஆளில்லை. வெறும் கையும் கண்ணும்தான். அதில் தோற்றதுதான் அவனுக்கு உறுத்தியது.

அப்போது அப்பாவின் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஒரு பெண், பதினோராம் வகுப்பு, "நானும் உட்காரட்டுமா அங்கிள்?" என்றாள். தெருமுனை கேரம் போர்டில் பெரிய ஆட்களைத் தோற்கடிக்கும் பெண். முதல் மூன்றும் சிவப்பு. நாலாவது, பச்சை எரிந்து 0.06 நொடி. சாதாரணமாக எழுந்து, ஒட்டிய டியூபைப் பார்க்கப் போய்விட்டாள். பையன் ராத்திரி ஒன்பது மணி வரை வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

நாங்கள் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம், காலேஜ் வாசலில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம். ஒரு ஆள் வந்ததில்லை. காசு கொடுக்காமல் தோற்பதற்கு ஓர் இடம் இருந்தால் வருகிறார்கள்.

சோழவரம் பார்த்தவன்

வயது 60 தாண்டியவன் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா ரெட்ஹில்ஸ் வழியாக பஸ்ஸில் சோழவரத்துக்குக் கூட்டிப் போவார். இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. கட்டுச்சோறு, தலையில் துண்டு, ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் எரியும் வாசனை. அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை மெக்கானிக்குகள் சைக்கிளை மிதித்தே வந்துவிடுவார்கள். பிட்டில் (ரேஸ் வண்டியைச் சரிபார்க்கும் இடத்தில்) ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் நாலு வருடத்தில் தானே வண்டி ஓட்டினான். ஆள் சேர்ப்பது என்று தனியாக ஒரு வேலை இருந்ததில்லை.

1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்தது. நல்ல டிராக், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குத் தென்மேற்கே போய்விட்டது. இங்கிருந்து 40 கிலோமீட்டர் போல. வடசென்னைப் பையன் தற்செயலாக வேலியோரம் நின்று ரேஸ் பார்ப்பது அன்றோடு நின்றது. பார்க்காத ஒன்றுக்கு எப்படி ஆசை வரும்? அவன் பார்த்தது எண்ணூர் சாலையைத்தான்.

டெலிவரி பாய் 165

அண்ணன் எழுதிய கிளட்ச் பிளேட் பையன் நான் இல்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். இரண்டு வருடம் ரோட்டில் ஓட்டினேன். ஒரு தடவை மாட்டி, ரேஸ் ஓட்டினதற்கு 5,000 ரூபாய் அபராதம் கட்டினேன். மறுபடி மாட்டினால் 10,000, இல்லை ஒரு வருடம் வரை உள்ளே என்று சொன்னார்கள். அதற்குப் பயந்துதான் ரோட்டு ரேஸை விட்டேன் என்று சொன்னால் பொய். கூட ஓட்டிய நண்பன் மணலி பக்கம் லாரி டயரில் காலைக் கொடுத்தான். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

முதல் தடவை டிராக்குக்குப் போனபோது நடந்ததைச் சொல்கிறேன். நாலு பேர் சேர்ந்து ஒரு குட்டி யானை லோடு வண்டி பிடித்து வண்டிகளை ஏற்றிப் போனோம். ஓட்டிக்கொண்டே போயிருக்கலாம், ஆனால் அங்கே ஏதாவது உடைந்தால் திரும்புவது எப்படி? திங்கட்கிழமை அதே வண்டியில்தான் சாப்பாடு டெலிவரி. லெதர் சூட் ஒரு சீனியருடையது. அவர் நல்ல பருமன். எனக்கு அது கோணிப்பை மாதிரி தொங்கியது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கே திரும்பியிருப்பேன், அந்த சீனியர் மட்டும் பக்கத்தில் வந்து டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "ஆர்.பி.எம்மை ஏத்தாத, கிளட்ச்சைப் பாதியில பிடிச்சு விடு" என்று சொல்லாமல் இருந்திருந்தால்.

நம் நாட்டு தேசியப் போட்டி 302 மீட்டர். பெங்களூர் டிராக் ரேஸர் ஹேமந்த் முத்தப்பா 1000 சிசி வண்டியில் அதை 8 நொடிக்குள் முடிப்பதை ரீல்ஸில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். என் வண்டியில் அது முடிவதாகவே இல்லை! ரோட்டில் "நான்தான் ஃபர்ஸ்ட்" என்று சண்டை போட்டு வாழ்ந்தவன் நான். இங்கே ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள். எத்தனை நொடியில் கிளம்பினேன், எத்தனை நொடியில் ஓடினேன், இரண்டும் தனித்தனியாக. அதோடு சண்டை போட முடியாது. சத்தத்துக்காக மாட்டியிருந்த சைலன்ஸரைக் கழற்றிவிட்டு கம்பெனி சைலன்ஸரோடு ஓட்டினேன், நேரம் குறைந்தது. அந்தச் சீட்டை இன்னும் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய சூட், கிளவுஸ், பூட்ஸ் பரணில் கிடந்தால் கீழே இறக்குங்கள். சின்ன சைஸ் இருந்தால் ரொம்ப நல்லது.

வியாசர்பாடி அம்மா

என் பையனுக்கு 16. எல்லாம் படித்தேன். 18 ஆகாதவன் வண்டி ஓட்டி மாட்டினால் பெற்றவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதமும் சிறையும், அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. இது உங்களுக்கும் தெரியும். 18 வரை அவனை நான் வீட்டில் கட்டிப் போடவா? அந்த பெஞ்சில் உட்காரலாம் என்றால் அனுப்புகிறேன். பெஞ்ச் மட்டும்தான்.

திருவொற்றியூர் டு ஹூஸ்டன்

அம்மா கேட்டதற்கு இங்கே அமெரிக்காவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். என்.எச்.ஆர்.ஏ. என்ற டிராக் ரேஸ் அமைப்பு 1951-இல் தொடங்கியதே தெருவில் ரேஸ் விட்டவர்களை டிராக்குக்கு இழுக்கத்தான். 1992-இலிருந்து பிள்ளைகளுக்கென்றே ஜூனியர் டிராக்ஸ்டர் (டிராக் ரேஸுக்கான நீளமான கார்) பந்தயம் நடக்கிறது. பெரிய வண்டியின் பாதி அளவு வண்டி, தூரமும் கால் மைலுக்குப் பதில் அதிகபட்சம் அதில் பாதி, சுமார் 201 மீட்டர். அப்பா கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போக, எட்டு வயதுப் பெண் உள்ளே ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பாள். நான் முதல் தடவை பார்த்தபோது வாயைப் பிளந்துவிட்டேன்.

அதைவிட நம் ஊருக்குத் தேவை பிராக்கெட் ரேஸ் என்று தோன்றுகிறது. உன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று நீயே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்னதாகப் பச்சை எரியும். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால் பொதுவாகத் தோல்விதான். அதனால் 100 சிசி வண்டிக்காரன் 1000 சிசிக்காரனை ஜெயிக்கலாம். காசுள்ளவன் பெரிய இன்ஜின் வாங்கி வந்தால் மட்டும் போதாது. தன் வண்டியைத் தெரிந்தவன் ஜெயிப்பான். ஸ்ப்லெண்டர் வைத்திருக்கும் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தண்டையார்பேட்டை ஒர்க்‌ஷாப்

ஹூஸ்டன் தம்பி சொன்னதை பெஞ்சிலேயே செய்து பார்க்கலாம் போலிருக்கிறது. ஆளுக்கு ஒரு நேரம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிடலாம்.

அம்மா, 18 ஆகாதவர்களுக்கு வண்டி கொடுப்பதில்லை, இது கடையின் சட்டம். பெஞ்ச், நேரம் எழுதும் நோட்டு, டயர் காற்று, செயின் ஸ்ப்ராக்கெட் (பற்சக்கர) கணக்கு, இவ்வளவுதான். ஸ்ப்ராக்கெட் கணக்கு போட்டே ஒரு பையன் பத்தாம் வகுப்பு விகிதக் கணக்கைப் பிடித்துக்கொண்டான். அவன் அம்மா எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். டிராக்குக்கு அழைத்துப் போனால் பெற்றவர் ஒருவர் கூட வர வேண்டும். பெரியவரே, அந்தச் சோழவரத்துக் கதைகளை ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் சொல்லுங்கள்.

கேரம் பொண்ணு

0.06 இல்லை அங்கிள், 0.058. நோட்டில் எழுதியிருக்கிறேன். இந்த ஞாயிறு எங்க அம்மாவும் வர்றாங்க, ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கணுமாம். ஹேண்டில் பாரைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், அவங்க உயரம் கம்மி.